இருபத்தைந்து மணி பத்து நிமிடம்

காற்புள்ளியை இந்தக் கோப்பு வேலியாக வாசிக்கும்.
அது தெரியாமல் நான்
'வண்ணார்பேட்டை, பாலத்தடி' என்று அடித்துவிட்டேன்.
பாலத்தடி வேலி தாண்டி
அடுத்த கட்டத்தில் விழுந்து
அட்சரேகை ஆகிப்போனது.
அன்று பகல் முழுக்க எங்கள் டவுன் பஸ்
ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் நின்று
ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

மாசானமுத்து நேரக் காப்பாளர்.
கார்பன் தாள் வைத்து எழுதிய பதிவேட்டை
யாருக்கும் காட்டமாட்டார்.
எனக்குக் காட்டினார்,
அதிகாரி கையெழுத்திட்ட கடிதத்தை
மூன்று தடவை வாசித்த பிறகு.

பாபநாசம் கடைசி வண்டி, புறப்பாடு 23.50.
பேட்டை தாண்டுமுன்னே தேதி கிழிந்துவிடும்.
கோப்பில் கிழியாது.
எந்த நாளில் கிளம்பியதோ
அந்த நாளின் கணக்கிலேயே போய்ச் சேர வேண்டும்.
சேரன்மகாதேவி இருபத்துநாலு இருபத்தெட்டு,
கல்லிடைக்குறிச்சி இருபத்துநாலு ஐம்பது,
பாபநாசம் இருபத்தைந்து பத்து.

"இருபத்தஞ்சு மணியா?"
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
"நாங்க ஓவர்டைம் கேட்டப்ப மட்டும்
நாளைக்கு இருபத்துநாலுதாம்னானுவ."

பிறகு பதினேழாவது வரியில் அவர் விரல் நின்றது.
காலனி விலக்கு, 24.37.
"இது ரிஜிஸ்தர்ல நிக்கும், தாயி.
ரோட்டுல நிக்காது."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
நானும் இந்த ஜில்லாதான்.

இறங்கும் வசதிக்கு ஒரு கட்டம் உண்டு.
ஒன்று போட்டால்: இறங்க முடியாது.
மூன்று போட்டால்: ஓட்டுநரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்.
(கெஞ்சிக்கொள்ள என்று எண் எதுவும் இல்லை.)
வெறுமனே விட்டால்
வழக்கம்போல் நிற்கும் என்று பொருள்.

தேநீர் ஆறும்வரை அந்தக் கட்டத்தைப் பார்த்திருந்தேன்.
நடப்பதை எழுதுவதா,
நடப்பதாக எழுதிவைத்திருப்பதை எழுதுவதா?
வெறுமனே விட்டேன்.

கோப்பைச் சுருக்கி, பூட்டாமல்,
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி
வெளியே வைத்தேன்.
யார் யாரோ எடுத்தார்கள்.
சூரத்கல் கல்லூரியில் ஒருவன் வரைபடம் போட்டான்.
பெயர் தெரியாத செயலி ஒன்று
என் எழுத்துப்பிழைகளையும் சேர்த்தே சுமந்தது.

ஜங்ஷன் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
இரவு ஷிப்ட் முடித்து வரும் பொன்ஜெசி
கண்டக்டர் முகத்துக்கு நேரே
போனைப் பிடித்தாளாம்.
"நிக்கும்னு போட்டிருக்கு."
"எவன் போட்டான்?"
"உங்க டிப்போதான்."
விசில் ஊதினார். வண்டி நிற்க
முந்நூறு அடி போனது.
மறுநாள் இருநூறு.
அடுத்த வாரம் ஒரு ராத்திரி நிற்கவேயில்லை.
அதற்கடுத்த ராத்திரி
ஏழு பேர் ஏழு போனோடு ஏறினார்கள்.

டிப்போவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது:
"மேடம், அந்தக் கட்டத்துல ஒண்ணு போட்டுருங்க."
எழுத்தில் அனுப்புங்கள் என்றேன்.
இன்னும் வரவில்லை.

வந்தது வேறொன்று.
பிழை தெரிவிக்கும் படிவத்தில், நேற்று:
நிறுத்தம் பதினேழு.
இடம் தவறு. நாற்பது அடி மேற்கே,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே.
பெயரும் தவறு.
எங்க ஊர் பேரு காலனி விலக்கு இல்ல,
ஆவுடையாள்புரம்.

எண்ணை மாற்றக் கூடாது;
மற்றக் கோப்புகள் எல்லாம்
அதைப் பிடித்துத்தான் தொங்குகின்றன.
பெயரை மாற்றலாம்.
மாற்றினேன்.
பிறகு அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தேடி
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
வெள்ளை வட்டமாக அது தெரிந்ததும்
நாற்பது அடி மேற்கே
புள்ளியை நகர்த்தினேன்.